கூவி விற்றால்தான் சந்தையா?

தேக்காவாசி: நேத்து சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்கிற கேம்பல் லேன் தீபாவளிச் சந்தைக்குப் போயிருந்தேன். பத்தடிக்கு ஒரு ஒலிபெருக்கி. தோரணக்காரரும் முறுக்குக்காரரும் ஒரே நேரத்துல "பத்து வெள்ளி, பத்து வெள்ளி"ன்னு கத்தினா எதுதான் பத்து வெள்ளி (டாலர்)? நியூட்டன் உணவங்காடியில வர்றவங்களை மறிச்சு ஆள் பிடிச்சா நடவடிக்கை உண்டு. இங்க மட்டும் ஏன் விட்டு வைக்கிறாங்க?

ஜாலான் புசார் பெரிசு: தம்பி, ஆள் பிடிக்கிறது வேற, கூவுறது வேற. மெனுவை நீட்டி வழியை மறிச்சா தொல்லை. தன் கடைக்குள்ள நின்னு குரல் கொடுக்கிறவன் உங்களை என்ன செஞ்சான்? 1923ல திறந்த நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவோட வாசல் வளைவு இன்னும் சிட்டி ஸ்கொயர் கடைத்தொகுதி பக்கம் நிக்குது. எங்கப்பா கூட்டிப்போவார். வளையம் எறியிற கடைக்காரன் குரலைக் கேட்டுத்தான் எந்தப் பக்கம் திரும்புறதுன்னே முடிவு பண்ணுவோம்.

முறுக்கு அக்கா: ரெண்டு வருஷம் பண்டிகைக் கடையில நின்னவ சொல்றேன். முதல்ல விலை, அப்புறம்தான் பொருள். "மூணு அஞ்சு வெள்ளி"ன்னதும் நடக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். என்ன மூணுன்னு பார்க்கத்தான்! காலியா இருக்கிற கடைக்கு யாரும் வர மாட்டாங்க. அதனால முதலாளி என் சித்தி மகளை வாங்க வந்தவ மாதிரி முன்னாடி நிறுத்திடுவார். பத்தே நிமிஷம், கூட்டம் சேர்ந்துடும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி எனக்குத் தொண்டையே இருக்காது, இஞ்சித் தண்ணிதான். வாடகையை அந்தச் சில வாரத்துக்குள்ள எடுத்தாகணுமே.

தேக்காவாசி: ஆக, கூட்டமே பொய்! நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க அக்கா. நம்ம ஆளுங்க முன்னெல்லாம் இப்படியா வித்தாங்க?

ஜாலான் புசார் பெரிசு: சங்கப் பாட்டுலயே உப்பு விக்கிற பொண்ணு "நெல்லுக்குச் சரி உப்பு"ன்னு தெருவுல கூவிட்டு வருவா. அக்கா சொன்ன மாதிரியே, விலையைச் சொல்லித்தான். புதுக் குரலைக் கேட்டு நாய் குரைக்கும். (உங்களைச் சொல்லலை தம்பி.)

தேக்காவாசி: நல்லாத்தான் குத்துறீங்க. அவ கையில மின்கல ஒலிபெருக்கி இல்லையே பெரியவரே! வாயால கூவட்டும், நானே நின்னு கேட்பேன்.

முறுக்கு அக்கா: அதுல நான் உங்க கட்சி. பக்கத்துக் கடைக்காரர் ஒருதடவை கூவிப் பதிவு பண்ணி ஓட விட்டுட்டு, முக்காலியில உக்காந்து போன் பார்ப்பார். ஒருநாள் சரக்கெல்லாம் தீர்ந்து மேசையைத் துடைச்சிட்டிருக்கார், அது பாட்டுக்கு "வாங்க வாங்க, கடைசி ரெண்டு பாக்கெட்"டுங்குது.