'பேரண்ட்ஹுட்' (1989): இத்தனை பேர் இருந்தும் குழம்பாதது எப்படி?

கடைசிவரிசை கேட்டது:
ரான் ஹோவர்ட் இயக்கிய படம். கொள்ளுப்பாட்டி, தாத்தா, பாட்டி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். போதாக்குறைக்கு மருமகன், மருமகள், பேத்தியின் காதலன் வேறு. 124 நிமிடத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எங்கேயும் தடுமாறவே இல்லை. ஆனால் கூடப் பார்த்தவர்கள் "வெறும் துணுக்குத் தோரணம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏன் என்று சொல்லத்தான் வரவில்லை. திரைக்கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் பிரித்துக் காட்டுங்களேன். இன்னொன்று, பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

மூவியோலா:
துணுக்குத் தோரணம் என்றால் நாலு துணுக்கைப் பிடுங்கி எறிந்தாலும் படம் பாட்டுக்கு ஓடும். இதில் அது நடக்காது. எழுதிய லோவெல் கான்ஸ், பாபலூ மேண்டல் இருவரும் ஆளுக்கு ஒரு பயத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆள் வரும் இடத்துச் சிரிப்பெல்லாம் அதிலிருந்தே வருகிறது. மகன் கில்லுக்கு (ஸ்டீவ் மார்ட்டின்) தன் அப்பா மாதிரி ஆகிவிடுவோமோ என்று. புருஷன் விட்டுப்போன மகள் ஹெலனுக்கு (டயேன் வீஸ்ட்) பிள்ளைகளும் கைநழுவிப் போகிறார்களே என்று. மருமகன் நேதனுக்கு (ரிக் மொரானிஸ்) தன் மகள் சராசரிக் குழந்தையாகிவிடக் கூடாது. அதனால் பள்ளிக்கூடமே போகாத சுண்டைக்காய்க்கு எழுத்தாளர் காஃப்காவும் கணக்கில் வர்க்கமூலமும். இன்னொரு மகன் லாரிக்கு எதற்கும் பயமில்லை. அவன் பங்கையும் சேர்த்து அப்பா ஃபிராங்க்தான் பயப்படுகிறார்.

முதல் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பேஸ்பால் மைதானம், பிறந்தநாள். அப்பா சின்னப்பையன் கில்லை அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் காசு கொடுத்து ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். பையன் பெரிய மனிதர் தோரணையில் அவரிடமே விளக்குகிறான்: நீங்கள் ஒரே ஆள் இல்லை, அப்பா என்னை விட்டுப்போன பலரை நான் ஞாபகத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று. ஒரே காட்சியில் மூன்று வேலை முடிந்தது. அப்பன்மேல் உள்ள குறை தெரிந்துவிட்டது, படத்தின் சுருதி பிடிபட்டுவிட்டது, இந்த ஆள் மண்டைக்குள் படம் ஓட்டுகிறவன் என்பதும் பதிந்துவிட்டது. அதனால்தான் பின்னால் மகன் கெவின் பட்டமளிப்பு விழாவில் அப்பாவைப் புகழ்வதும், கோபுரத்தில் துப்பாக்கியோடு ஏறி "என்னை செகண்ட் பேஸில் நிறுத்தியது நீதான்" (செகண்ட் பேஸ், பேஸ்பாலில் ஆட்டக்காரர் நிற்கும் ஓர் இடம்) என்று கத்துவதும் கற்பனை என்று தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை.

கவ்பாய் காட்சியும் இந்த முதலீட்டில்தான் நிற்கிறது. கெவின் பிறந்தநாளில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வரவேண்டியவர் வரவில்லை, ஆள் மாறி ஆடை களையும் நடனக்காரி வந்து நிற்கிறாள். கெவின் முகம் சுருங்குகிறது. கில் குளியலறை மிதியடியைக் காலில் கட்டிக்கொண்டு கவ்பாயாக இறங்குகிறார். பலூனில் மிருகம் செய்யத் தெரியாமல் முறுக்கி முறுக்கி, வந்ததைக் குடல் என்று நீட்டுகிறார். மைதானத்துப் பிறந்தநாளை முன்பே பார்க்காமலிருந்தால் இது சாதாரணக் கோமாளித்தனமாகத்தான் போயிருக்கும்.

ஒத்திகை:
மூவியோலா சார் கில்லையே சுற்றி வருகிறார். படத்தின் கனமான சரடு ஃபிராங்க், லாரி கதைதான். மகன் 26,000 டாலர் சூதாட்டக் கடனோடு வருகிறான், அப்பாவின் பழைய காரையே விற்க விலை விசாரிக்கிறான். கடைசியில் தன் பிள்ளையைத் தாத்தா தலையில் கட்டிவிட்டு சிலிக்குக் கிளம்பிவிடுகிறான். அவன் திருந்தவில்லை, எழுதியவர்கள் அவனைத் திருத்தவும் முயலவில்லை. ஃபிராங்க் கில்லிடம் பேசும் இடத்தில் அந்த வேடத்தில் நடித்த ஜேசன் ரோபார்ட்ஸ் குரலை உயர்த்துவதே இல்லை. பிள்ளை வளர்ப்பில், கோட்டைத் தாண்டிவிட்டேன் என்று பந்தைத் தரையில் அடித்து ஆடுகிற கட்டம் வராது என்கிறார். அமெரிக்க ஃபுட்பால் கணக்கு.

சறுக்கல்களும் உண்டு. நேதன், சூசன் பிரச்சினைக்குப் போதுமான நேரமே ஒதுக்கவில்லை. பிரிந்துபோன மனைவியின் வகுப்பறைக்குள் நுழைந்து மாணவர்கள் எதிரில் ஒரு பாட்டு பாடினால் தீருகிற விஷயமா அது? அந்த ஆள் குழந்தையை வளர்க்கும் விதம் மாறியதா என்று காட்சியே கிடையாது. முடிவில் எல்லோரையும் பிரசவ ஆஸ்பத்திரியில் கூட்டி, கையில் ஆளுக்கொரு குழந்தை கொடுத்தது சுபம் கார்டுக்காகச் செய்த அவசரம். லாரி கதையை முடிச்சுப் போடாமல் விடத் துணிந்தவர்கள் மற்றதை மட்டும் ஏன் இப்படி இறுக்கிக் கட்டினார்கள்!

மூவியோலா:
ஆஸ்பத்திரி விஷயத்தில் சண்டை இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பள்ளி நாடகத்தை மறந்துவிடாதீர்கள். கொள்ளுப்பாட்டி, சும்மா சுற்றும் குடை ராட்டினத்தைவிட ஏறி இறங்கிப் பயமுறுத்தும் ரோலர் கோஸ்டர்தான் எனக்குப் பிடிக்கும் என்று வாழ்க்கையை மனதில் வைத்துப் பேசிவிட்டு வெளியே போகிறார். மனைவி அதை மெச்ச, அவ்வளவு புத்திசாலி ஏன் பக்கத்து வீட்டுக் காரில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று கில் கேட்கிறார். பிரசங்கமாகிவிடும் இடத்தில் இந்தக் குத்து. பிறகு கடைக்குட்டி மேடையேறி நாடகத்தைக் கலைக்கும்போது ரோலர் கோஸ்டர் சத்தம் அடியில் ஏறுகிறது, பார்வையாளர்கள் சாய்கிறார்கள், கில் நாற்காலியை இறுகப் பிடிக்கிறார். வசனம் செய்ய வேண்டியதை ஒலி செய்கிறது. டிவி ஸ்பீக்கரில் அமுங்கிவிடும், ஹெட்போனில் கேளுங்கள்.

பாப்கார்ன்பொட்டலம்:
பிள்ளைகளோடு பார்ப்பது பற்றி யாருமே சொல்லவில்லையே. சான்றிதழ் பிஜி-13, அதாவது பதிமூன்றுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குச் சில இடங்கள் ஒவ்வாமல் போகலாம் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை. நாலு இடத்தில் சங்கடமாகும்: கழுவி வரும் புகைப்படங்களில் ஹெலன் தன் மகளின் அந்தரங்கப் படங்களைப் பார்ப்பது, கரண்ட் போனபோது டார்ச்சுக்காக இழுப்பறையைத் துழாவுவது, கில் தம்பதி காரில் போகும் காட்சி, ஹெலனின் மகன் ஒளித்து வைத்திருக்கும் பையைத் திறப்பது. கடைசியைத் தள்ளிவிடாதீர்கள். போதைமருந்து என்று அம்மா பயந்த பையில் ஆபாச கேசட்டுகள் இருக்கின்றன. அதன்பின்தான் பேத்தியின் காதலனாக வரும் கியானு ரீவ்ஸ் பையனிடம் பேசுகிறார், அவருடைய நல்ல காட்சியே அதுதான். அந்தப் பையன் யாரென்று தெரிகிறதா? வாக்கின் ஃபீனிக்ஸ். டைட்டிலில் லீஃப் ஃபீனிக்ஸ் என்று வரும்.

இதே பெயரில் இரண்டு தொடர்கள் உண்டு. 1990இல் வந்தது சீக்கிரமே நின்றுபோனது. அந்தப் பையன் வேடம் அதில் லியோனார்டோ டிகாப்ரியோவுக்கு. 2010இல் தொடங்கியது ஆறு சீசன் ஓடியது. குடும்பம் வேறு, சிரிப்பும் குறைவு, அழுகை அதிகம். படத்தை முடித்த கையோடு அதைப் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு மாதம் விட்டுத் தொடங்குங்கள்.