புதுப்பிப்பு: டெல்லி கல்லூரியில் பாடம் புரியவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தேன்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. திரும்பவில்லை. முதல் செமஸ்டர் எல்லாப் பேப்பரும் பாஸ். கணிதத்தில் மட்டும் மார்க் குறைவு.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்குக் கைகொடுத்தது ஓர் அக்கா சொன்ன வழி: மறுநாள் பாடத்தை முந்தின இரவே படித்து, ஒரே ஒரு கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு போவது. விலை ஏறினாலும் உப்பு வாங்குவது ஏன் குறைவதில்லை என்பதுதான் என் முதல் கேள்வி. கேட்கும்போது கை நடுங்கிப் பேனா கீழே விழுந்தது. அந்தக் கேள்வியிலிருந்தே சார் அன்றைய பொருளாதார வகுப்பில் இலாஸ்டிசிட்டி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) பாடத்தைத் தொடங்கினார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வீடியோக்கள் எனக்குப் பயன்படவில்லை.

எதிர்பாராத ஒன்று: பக்கத்து பெஞ்சு பீகார் பையனுக்கும் இதே பயம், அவன் இந்தி மீடியம். இப்போது தினமும் விஸ்வவித்யாலயா மெட்ரோ வரை நடந்தபடியே, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்கிறோம்.

ஞாயிறு ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகச் சொன்ன அண்ணாவுக்குத் தனி நன்றி. படியில் உட்கார்ந்து அம்மாவிடம் அழாமல் பேசினேன்.