கர்ப்ப காலத்தில் ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: 8 வாரக் கர்ப்பம். தினமும் புடசோனைடு இன்ஹேலர், மூச்சுத் திணறினால் சால்பூட்டமால், தும்மலுக்கு செட்ரிசின். குழந்தைக்கு ஆகாது, எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார்கள் வீட்டில். நிறுத்தலாமா?

பதில் 1: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தைவிடக் கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாதான் ஆபத்து. தாய்க்கு ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்கும் குறையும். குறைப்பிரசவம், எடைக் குறைவு வரலாம். இன்ஹேலர் ஸ்டீராய்டுகளில் கர்ப்பிணிகளிடம் அதிகம் ஆராயப்பட்டது புடசோனைடுதான். சால்பூட்டமாலும் எடுக்கலாம். ஆனால் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். அதை எடுத்தும் 4 மணி நேரம்கூடத் தாங்காமல் மறுபடி திணறினால் நேராக ஆஸ்பத்திரிதான்.

பதில் 2: பலருக்கு மருந்து சரி, இழுக்கும் விதம்தான் தப்பு. ஸ்ப்ரே வகை என்றால் ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குழாய்): குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக இழுத்து 10 விநாடி அடக்குங்கள். பவுடர் வகைக்கு நேர்மாறு, வேகமாக இழுக்க வேண்டும், ஸ்பேசர் கிடையாது. புடசோனைடுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை பூஞ்சை படியும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்னேற்றத்தில் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பதில் 3: செட்ரிசின், லோராடடின் இரண்டும் பொதுவாகக் கர்ப்பிணிகளுக்குத் தருவதே. பயப்பட வேண்டியது கடையில் கேட்டு வாங்கும் 'சளி மாத்திரை'க்கு. அதில் சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்துகள் இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். முதல் 3 மாதம் வேண்டவே வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்ப்ரே போதும். இன்னொன்று: பிரசவ ஃபைலில் 'ஆஸ்துமா' என்று எழுதச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கார்போப்ரோஸ்ட் ஊசி மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.