பத்து நாள் வெளியூர் போறோம், மீனுங்களுக்குத் தீனிக்கு என்ன வழி?

கப்பிவால்:
அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோட கிளம்புறோம், திரும்ப பத்து நாள் ஆகும். வீட்ல 60 லிட்டர் தொட்டி. நியான் டெட்ரா 12, கோரி (அடியில மேயுற சின்னக் கெளுத்தி) 4, பெரிய கப்பி 7. அதுபோக தொட்டிக்குள்ளயே தொங்குற வலைப்பெட்டியில மூணு வாரக் கப்பிக் குட்டிங்க, எண்ணினவரைக்கும் 19. முதல் தடவையா என் கையில பிறந்ததுங்க, அதான் மனசு அடிச்சுக்குது. பக்கத்து வீட்ல சாவி கொடுத்துட்டுப் போகலாம், ஆனா அவங்க மீன் வளர்த்ததே இல்ல. தானா தீனி போடுற ஆட்டோ ஃபீடர் வாங்கவா, இல்ல தண்ணிக்குள்ள போட்டா மெல்ல கரையும்னு விக்கிற வெள்ளைக் கட்டி போதுமா?

பாசிப்பச்சை:
பெரிய மீனுங்களுக்கு பத்து நாள் ஒண்ணும் பெரிசில்ல. குட்டிங்களுக்குத்தான் யோசிக்கணும். அதுங்களுக்கு வயிறு சின்னது, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமா விழணும்.

வண்டல்:
சகோ, நான் ஒரு தொட்டி மீனை மொத்தமா இழந்தவன். அதனால நீளமா எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

ஒன்பது நாள் வெளியூர் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட தீனி டப்பாவைக் கொடுத்து, "தினம் ஒரு சிட்டிகை போதும்க்கா"ன்னு சொல்லிட்டுப் போனேன். ஆள் அசைஞ்சாலே மீன் கண்ணாடிகிட்ட ஓடி வருமில்லையா, அதைப் பார்த்து பசிக்குது போலன்னு காலையில, சாயங்காலம், படுக்கப் போறதுக்கு முன்னாடின்னு போட்டிருக்காங்க. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதல்ல வாடைதான் அடிச்சுது. தொட்டியில கூழாங்கல்லே தெரியல. அதுக்கு மேல ஒரு விரல் கனத்துக்கு பஞ்சு மாதிரி பூஞ்சை படிஞ்ச தீனி. ரெண்டே ரெண்டு மீன் மேல்மட்டத்துல வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. அதுங்களும் அன்னிக்கு ராத்திரி தாண்டல. அக்கா அழுதுட்டாங்க. அவங்கமேல எனக்குத் துளிகூட வருத்தமில்ல. சிட்டிகைன்னா எவ்வளவுன்னு நான் காட்டிக் கொடுக்கவே இல்லையே.

அந்த மீனுங்க பட்டினியால சாகல. மிஞ்சின தீனி அழுகி அமோனியா ஏறிடுச்சு. அழுக வைக்கிற பாக்டீரியா தண்ணியில இருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கிச்சு. மீன் நம்மள மாதிரி உடம்புச் சூட்டைக் காப்பாத்தச் சாப்பிடுற ஜீவன் இல்ல, அதனால வளர்ந்த, நோயில்லாத மீன் ஒரு வாரம் பத்து நாள் தீனியில்லாமலே தாங்கிடும்.

இப்போ நான் வெளியூர் போனா மாத்திரை டப்பா இருக்கில்ல, கிழமை எழுதின கட்டம் போட்டது, அதுல அளந்து வெச்சுடுவேன். மூணு நாளைக்கு ஒரு கட்டத்துல மட்டும் தீனி இருக்கும், மத்ததெல்லாம் காலி. பெரிய டப்பாவை பீரோவுல பூட்டிடுவேன். தயவுசெஞ்சு அதைக் கண்ணுல படுற இடத்துல வெக்காதீங்க. கோரி கீழ விழுற மிச்சத்துலயே பிழைச்சுக்கும்னு நினைக்காதீங்க, அந்தக் கட்டத்துலயே மூழ்குற பெல்லட்டும் (உருண்டைத் தீனி) ரெண்டு மூணு போட்டு வைங்க.

கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடி கால்வாசித் தண்ணி மாத்துங்க. ஃபில்டர் ஸ்பான்ஞ்சை தொட்டியில எடுத்த தண்ணியிலயே லேசாப் பிழிஞ்சு போடுங்க. குழாய்த் தண்ணியில அலசினா குளோரின் பட்டு, தண்ணியைச் சுத்தமா வெச்சிருக்கிற நல்ல பாக்டீரியா போயிடும். கிளம்புற அன்னிக்கு எதையும் நோண்டாதீங்க, புது மீனும் விடாதீங்க. ஏதாவது கோளாறுன்னா பார்க்க நீங்க இருக்க மாட்டீங்க.

தாமரைத்தண்டு:
ஆட்டோ ஃபீடர் நான் வெச்சிருக்கேன், நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா இன்னிக்கே வாங்கி, நீங்க வீட்ல இருக்கும்போதே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. ஃப்ளேக்ஸ் (தகடு மாதிரி இருக்கிற தீனி) போட்டா தொட்டி ஈரத்துக்கு நமுத்து ஃபீடர் வாயில அடைச்சுக்கும், சின்ன பெல்லட்தான் சரி. ஒரு சுத்துக்கு எவ்வளவு விழுதுன்னு வெள்ளைத் தாள்ல கொட்டிப் பாருங்க. எனக்கு முதல் நாள் நாலு மடங்கு விழுந்துச்சு. பேட்டரி புதுசு போடுங்க.

கப்பிவால்:
வண்டல் அண்ணா, படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்போ அந்த வெள்ளைக் கட்டி? குட்டிங்களை என்ன செய்யறது?

வண்டல்:
கட்டி வேண்டாம். ஒருதடவை வெறும் வாளித் தண்ணியில போட்டுப் பார்த்தேன், மறுநாளே சுண்ணாம்பு கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. 60 லிட்டருக்கு அது ஆபத்து.

ஃபீடரைத் தொட்டி நடுவுல மாட்டாதீங்க, வலைப்பெட்டிக்கு நேர் மேல மாட்டுங்க. குட்டிகளுக்கான பொடித் தீனி, நாளைக்கு ரெண்டு தடவை, ரொம்பக் குறைவா. பெட்டிக்குள்ள ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் (தண்ணியில வளர்ற பாசிச் செடி) போட்டு வைங்க, அதுல ஒட்டியிருக்கிற நுண்ணுயிரையும் கொத்திக்கிட்டு இருக்கும். வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படலாம், உயிரோட இருக்கும். மீன் வளர்க்கிற சிநேகிதர் யாராவது இருந்தா அவர்கிட்ட விட்டுட்டுப் போறது இதைவிட நல்லது.

இன்னொண்ணு, மூடியை மூடிட்டுப் போங்க. தண்ணி விளிம்பு வரைக்கும் இருக்கட்டும். பத்து நாள்ல ஆவியாகிக் குறைஞ்சா ஹீட்டர் வெளிய தெரிய ஆரம்பிச்சுடும். லைட்டை டைமர்ல ஆறு மணி நேரத்துக்கு வைங்க.

கப்பிவால்:
வந்துட்டோம். செருப்பைக்கூடக் கழட்டாம தொட்டிகிட்டதான் ஓடினேன். டெட்ரா 12, கோரி 4, கப்பி 7, எல்லாம் இருக்கு. குட்டி 17 எண்ணினேன், மாஸைத் தூக்கிப் பார்த்தா இன்னும் ஒண்ணு. ஒண்ணைக் காணோம். வாலோரத்துல மஞ்சள் ஏற ஆரம்பிச்சிருக்கு. பக்கத்து வீட்டம்மா கட்டம் தவறாமப் போட்டிருக்காங்க, தீனி இல்லாத நாள்லயும் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. முன் கண்ணாடியில பச்சையா படிஞ்சிருக்கு. அதை இன்னிக்கே தேய்க்கலாமா, ரெண்டு நாள் விடணுமா?

வண்டல்:
18 பிழைச்சுதே, ரொம்ப சந்தோஷம் சகோ. முன் கண்ணாடியை மட்டும் நாளைக்குத் தேய்ங்க, பக்கவாட்டுல இருக்கிறதைக் குட்டிங்க கொத்தட்டும். இன்னிக்கு ராத்திரி தீனி பாதிதான்.