ஸ்காட்லாந்து மலைநாட்டில் குடும்பத்தோடு: எதிர்ப்பட்ட உயிர்கள், காத்திருந்த பொழுதுகள்

எங்கள் இணைய மன்றத்தில், எடின்பரோவில் வசிக்கும் உறுப்பினர் எழுதுகிறார்:

கெய்ர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர் மலையேற்றம், கோட்டை, ஏரி என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு, மாலையில் அழுகிற குழந்தையோடு விடுதி திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு, அங்கே உயிரோடு நடமாடும் ஏதாவது ஒன்றைச் சந்திப்பதை மட்டும் நோக்கமாகக் கொண்டால் அந்த நாடு வேறு முகம் காட்டும் என்பது என் துணிபு. அப்படி நாங்கள் சந்தித்தவற்றுள் முதலில் சொல்ல வேண்டியவை ரெயின்டீர் எனப்படும் பனிமான்கள்.

ஏவிமோர் ஊரிலிருந்து மலைச்சாலையில் சென்றால் கிளென்மோர் வரும். அங்கே உள்ள மந்தை, 1952இல் மிக்கெல் உட்சி என்ற, வட ஐரோப்பாவின் சாமி பழங்குடியைச் சேர்ந்த மேய்ப்பர் சுவீடனிலிருந்து கொண்டுவந்த மான்களில் தொடங்கியது. கெய்ர்ன்கார்ம் சரிவுகளில் வளரும் பாசிப்படர்வுகள் தம் ஊரில் மான்கள் மேய்பவற்றை ஒத்திருப்பதைக் கண்டு, இங்கேயும் அவை பிழைக்கும் என்று அவர் நம்பினார். இன்று மந்தையில் ஏறத்தாழ 150 மான்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்துகொண்டால் மேய்ப்பாளர் ஒருவர் குழுவாக அழைத்துச் செல்வார். பாதை கரடுமுரடானது, குழந்தைத் தள்ளுவண்டிக்கு ஆகாது. காற்று மிகுந்தால் மலைநடையையே நிறுத்திவிடுவார்கள் என்பதால், மாற்று ஏற்பாடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நாங்கள் சென்றது கோடையில். கொம்புகள் முழுதும் மென்மயிர்த் தோல் போர்த்து, உள்ளே குருதி ஓட வளர்ந்துகொண்டிருந்த பருவம் அது. தொட்டால் மானுக்கு உறுத்தும் என்பதால், தீனி மட்டும் கொடுங்கள், தடவிக் கொடுக்க வேண்டாம் என்று மேய்ப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். என் மகள் இரு கைகளையும் குவித்து நீட்டியபோது ஒரு மான் மூக்கை அவள் உள்ளங்கையில் புதைத்தது. மாட்டுக்கு இருப்பதுபோல் ஈரமான வெற்று மூக்கு அதற்கு இல்லை, நுனிவரை மயிர்தான். அது தின்று முடித்து நகர்ந்தபோது ஒவ்வோர் அடிக்கும் 'டிக், டிக்' என்று மெல்லிய ஒலி கேட்டது. குளம்பு கல்லில் படும் ஒலி என்றுதான் நினைத்தோம். காலில் உள்ள தசைநார் எலும்பின்மேல் வழுக்கும்போது எழும் ஒலி அது என்றும், பனிமூட்டத்தில் மந்தை சிதறாமல் இருக்க அது உதவக்கூடும் என்றும் மேய்ப்பாளர் விளக்கினார். மலையேற முடியாத என் மாமியார் கீழே பட்டியில் நின்ற மான்களைப் பார்த்துவிட்டு, "கொட்டில் வாசனையே இல்லையேம்மா, சுத்தமான பிராணி" என்று தம் தீர்ப்பை வழங்கினார்.

இன்வர்னஸ் பக்கம் விடுமுறையைக் கழித்த உறுப்பினர் எழுதுகிறார்:

தங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் டால்பின் நாளைச் சொல்லத் தோன்றியது. பிளாக் ஐல் பகுதியில் ஃபோர்ட்ரோஸ், ரோஸ்மார்க்கி என்ற இரு ஊர்களுக்கும் இடையே கடலுக்குள் நீளும் கூழாங்கல் முனைக்குச் சானன்றி முனை என்று பெயர். நுனியில் 1846இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. எதிர்க்கரையில், 1746இல் கிளர்ச்சிப்படையை முறியடித்த கல்லோடன் போருக்குப் பிறகு அரசு எழுப்பிய ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டை. இரண்டுக்கும் நடுவே நீர்வழி குறுகுவதால், கடல் ஏறத் தொடங்கும்போது ஆறுகளை நோக்கிச் செல்லும் சால்மன் மீன்கள் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். டால்பின்களுக்கு அது தெரியும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை, கடல் வற்றும் நேர அட்டவணையைப் பார்த்து, நீர் மிகத் தாழ்ந்த பிறகு ஏறத் தொடங்கும் வேளையில் அங்கே இருக்க வேண்டும்.

வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. நாங்கள் ரோஸ்மார்க்கியில் காரை விட்டுவிட்டுக் கடற்கரையோரமாகவே நடந்தோம். முனையில் நெடிய லென்ஸுகளோடு பலர் நின்றிருந்தனர். ஆகஸ்ட் மாதமாக இருந்தும் கம்பளித் தொப்பி இல்லாமல் நிற்க முடியவில்லை. பிளாஸ்க்கில் இருந்த தேநீர் தீர்ந்தது, பிள்ளைகள் கூழாங்கற்களை நிறவாரியாகப் பிரித்து அடுக்கினார்கள், பிறகு அதுவும் சலித்தது. போகலாமா என்று என் கணவர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பார்வைக்கு முன்னால் செவிக்குத்தான் முதலில் எட்டியது: அழுத்தக்குக்கரின் ஆவியைச் சற்றே விட்டு நிறுத்தியதுபோல் ஒரு மூச்சு. கரையிலிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை. சாம்பல்நிற முதுகு ஒன்று எழுந்து தாழ்ந்தது, பின்னால் குட்டியின் சிறு துடுப்பு. சிறிது நேரத்தில் இன்னொன்று ஒரு சால்மனை வாயில் கவ்வி மேலே வீசிப் பிடித்தது, மீனின் வயிற்று வெள்ளி வெயிலில் பளிச்சிட்டது. குளிர்நீரில் வாழ்வதால் இந்த மோரே வளைகுடா டால்பின்கள் வெப்பக்கடல்களில் வாழ்பவற்றைவிடப் பருத்தவை என்று படித்திருந்தேன், நேரில் பார்த்தபோது அது மிகையில்லை என்று தெரிந்தது. படகுச் சவாரியும் உண்டு, ஆனால் கரையிலிருந்து இலவசமாக, விலங்கைத் துரத்தாமல் பார்ப்பதையே நான் விரும்புவேன். நீரோட்டம் வேகமானது, பிள்ளைகளை நீரில் கால்வைக்க விடாதீர்கள்.

கிளாஸ்கோ உறுப்பினர் எழுதுகிறார்:

மிட்ஜ் பூச்சியைப் பற்றி இன்னும் யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. குண்டூசித் தலையளவே இருக்கும், பெண் பூச்சி மட்டுமே கடிக்கும், ஆனால் ஆயிரக்கணக்கில் வரும். மே முதல் செப்டம்பர் வரை, குறிப்பாக மேற்குப் பகுதிகளில், காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் ஏரிக்கரையில் உட்கார்ந்து உண்ணலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். மணிக்கு ஏழு மைல் வேகத்தில் காற்றடித்தாலே அவற்றால் பறக்க முடியாது. ஆகையால் உணவு உண்ண மரநிழலைத் தேடாமல், காற்று மோதும் திறந்த மேட்டைத் தேடுங்கள். வலைமூடி போட்ட தொப்பியைக் கேலியாகப் பார்த்த என் மகன்தான் முதலில் அதைக் கேட்டு வாங்கினான்.

எங்களுக்குப் பிடித்த இன்னொன்று, கின்கிரெய்க் அருகே ஒரு பண்ணையில் மேய்ப்பு நாய்கள் ஆடுகளை ஓட்டுவதைக் காட்டும் நிகழ்ச்சி. ஒவ்வொரு நாய்க்கும் மேய்ப்பர் தனித்தனிச் சீழ்க்கை வைத்திருப்பதால், ஒன்றுக்குக் கொடுத்த கட்டளையை மற்றது காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஒரு நாய் வலப்புறம் வளைந்து ஓட, மற்றொன்று புல்லில் வயிறு படக் கிடந்தபடி அசையாமல் இருந்தது.

எடின்பரோ உறுப்பினர் மீண்டும்:

கைக்குழந்தையோடு எங்கே நடக்கலாம் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டதற்குப் பதில். லோக் ஆன் ஐலன் ஏரியைச் சுற்றிய பாதை பெரும்பாலும் சமதளம், உறுதியான சக்கரமுள்ள தள்ளுவண்டி போகும். ஏரி நடுத்தீவில் இடிந்த கோட்டை தெரியும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன்மேல் விராலடிப்பான்கள் (மீன் பிடித்துண்ணும் ஆஸ்ப்ரே பறவைகள்) கூடு கட்டியிருந்தன. அந்தப் பறவை ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய அற்றுப்போய், 1954இல் அருகிலுள்ள லோக் கார்ட்டன் ஏரியில் மீண்டும் இணைசேர்ந்தது. கோடையில் அங்கே சென்றால் தொலைநோக்கி வழியாகக் கூட்டைப் பார்க்கலாம்.

புதர்ச்செடிகள் உரசும் பாதையில் நடந்துவிட்டு வந்தால் அன்றிரவே பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிரோரம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்று அதனால்தான் பரவுகிறது. இருந்தால் தோலை ஒட்டிச் சிமிட்டாவால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது. உண்ணி எடுக்கும் சிறு கருவி மருந்துக்கடைகளில் கிடைக்கும், ஏவிமோர் செல்லும் வழியிலேயே வாங்கிவிடுங்கள்.