மறு: மறு: 'இன்டர்ஆப்பரபிலிட்டி'க்கு ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நலவாழ்வுத் தகவல் அமைப்புகளை மாதிரியாக்கம் செய்வது பற்றிய பாடநூல் ஒன்றின் தமிழாக்கத்தை நான் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். தலைப்பிலேயே வரும் 'இன்டர்ஆப்பரபிலிட்டி' என்னும் சொல் என்னை நகரவிடவில்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ 1990இல் தந்த வரையறைப்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அமைப்புகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளவும், பரிமாறியதைப் பயன்படுத்தவும் வல்லவையாக இருப்பதே அது. சிக்கல் பின்பாதியில்தான் இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுத்த குருதிச் சர்க்கரையை ஓர் ஆய்வகம் 126 என்று அனுப்புகிறது; அது டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், நீரிழிவைக் கண்டறியும் எல்லை. பெறும் மென்பொருளோ லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகை எதிர்பார்க்கிறது. அந்தக் கணக்கில் அதே அளவு 7 ஆகும். செய்தி பழுதின்றிச் சேர்ந்தது, எண்ணும் மாறவில்லை, பொருள் மட்டும் வழியில் தொலைந்தது. இப்போதைக்கு 'இடைச்செயல்பாடு' என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர் எழுதியது:

மனம் ஒப்பாததில் வியப்பில்லை. இடைவேளை, இடைத்தேர்தல் என்பவற்றின் வரிசையில் வைத்துப் படித்தால், இரண்டு செயல்களுக்கு நடுவே நிகழ்ந்த மூன்றாவது செயல் என்றே அது பொருள்படும். நம் இலக்கணத்துக்கு இது புதிய சிக்கலும் அன்று. நிலைமொழியும் வருமொழியும் கூடும்போது ஒன்றும் மாறாவிட்டால் இயல்பு. மாறினால் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம். தாங்கள் காட்டிய எடுத்துக்காட்டில் அலகு கெட்டது, அதனால் பொருள் திரிந்தது. அனுப்பும் அமைப்பை நிலைமொழி என்றும் பெறும் அமைப்பை வருமொழி என்றும் கொண்டால், 'புணர்தகவு' என்னும் சொல் தானே வந்து நிற்கிறது.

மருத்துவர் எழுதியது:

ஐயா அவர்களின் இலக்கணத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் மருத்துவ நூலில் 'புணர்தகவு' என்று தலைப்பிட்டால், மாணவர்கள் அந்த இயலை இனப்பெருக்கப் பகுதியில் தேடுவார்கள்.

மென்பொருளாளர் எழுதியது:

மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்குத் தரங்கள் வகுக்க 1987இல் தொடங்கிய ஹெச்எல்7 அமைப்பின் தரங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்களில் யாரும் இதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதில்லை. ஒலிபெயர்த்தே எழுதினால் என்ன? அது ஏற்புடையதல்ல என்றால் ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். வினையாகவும் பெயரெச்சமாகவும் நடக்காத சொல் எங்களுக்குப் பயன்படாது. 'இவ்விரு அமைப்புகளும் இப்படி இயங்குகின்றன', 'இப்படி இயங்கும் பதிவேடு' என்றெல்லாம் நாள்தோறும் எழுதுகிறோம். அடைமொழியையும் அது தாங்க வேண்டும். ஹெச்எல்7 இரண்டாம் பதிப்பின் செய்தியில் புலங்களைச் செங்குத்துக் கோடு பிரிக்கிறது. அந்தக் கோடுகளைச் சரியாக எண்ணிப் பிரித்துவிட்டால் அமைப்புநிலையில் வேலை முடிந்தது. கோடுகளுக்கு நடுவே இருப்பது எந்த ஆய்வு, எந்த நோய் என்பதை லாயிங்க், ஸ்னோமெட் போன்ற குறியீடுகளால் இரு தரப்பும் ஒன்றாகவே புரிந்துகொள்வது பொருள்நிலை. இவ்விரண்டுக்கும் முன்னொட்டு வைக்க இடம் கொடுக்கும் சொல்லாக வேண்டும். 'இயைந்தியங்கு' என்று வைத்தால் இவையெல்லாம் நடக்கும் என்று நினைக்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

புணர்தகவைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'இயை' வேண்டாம். யாப்பில் இயைபு என்றால் என்ன? 'இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே' என்கிறது தொல்காப்பியம். அடிகளின் இறுதியில் ஒலி ஒன்றினால் அங்கே போதும், பொருள் ஒன்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை. நண்பர் சொல்லும் செங்குத்துக் கோடுகளுக்கு அது மிகப் பொருந்தும். 126ஐ அது காப்பாற்றாது.

என் பரிந்துரை 'உடம்படுதன்மை'. உயிரும் உயிரும் நேரே கூடமாட்டா. மணி என்பதும் அழகு என்பதும் கூட நடுவில் ஒரு யகரம் வேண்டும். இ, ஈ, ஐ வழி யகரமும், ஏனை உயிர்வழி வகரமும், ஏகாரத்தின் முன் இரண்டும் வரும் என்று நன்னூல் விதி வகுக்கிறது. இரு பக்கத்து உயிரும் தன் உருவை இழக்கவில்லை. இடையில் வந்த உடம்படுமெய் இருவரையும் உடன்படச் செய்தது. இரண்டு மருத்துவமனை மென்பொருள்களுக்கு நடுவே நின்று ஒன்றின் வடிவத்தை மற்றதற்கேற்ப மாற்றித் தரும் செயலியும் செய்வது இதைத்தானே? 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை' என்று குறள் 890 தொடங்குவதால் ஆட்சியும் பழையதே. (மருத்துவத் துறை என்பதால் 'உடம்பு' என்ற சொல்லோடு முடிச்சுப் போட ஒருவர் தனிமடலில் முயன்றார். அது வேறு; இது 'உடன்படு' என்பதன் திரிபு.)

தரவுச் சட்டம் கற்பிப்பவர் எழுதியது:

ஐயா, அழகான சொல் என்பதால்தான் அஞ்சுகிறேன். இந்நூலின் பிற்பாதி தரவுப் பாதுகாப்பைப் பற்றியது. அதில் நோயாளி தரும் 'உடன்பாடு' பக்கந்தோறும் வரும். அமைப்புகள் உடம்படுகின்றன என்று ஓர் இயலிலும், நோயாளி உடன்படுகிறார் என்று அடுத்த இயலிலும் எழுதினால், இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள முடிகிறது என்பதையே நோயாளியின் இசைவாக எடுத்துக்கொள்ள மாணவருக்கு நாமே வழி செய்கிறோம். நடைமுறையில் அடிக்கடி நிகழும் பிழையும் அதுதான்: அனுப்ப முடிகிறது என்பதால் அனுப்பிவிடுகிறார்கள்.

சொல்லின் துல்லியத்தை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய மாதிரி இயலில் பெயரை அடியோடு நீக்குவதற்கும், பெயருக்குப் பதிலாகக் குறியெண் வைப்பதற்கும் 'பெயர்நீக்கம்' என்றே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குமுறையின்படி, குறியெண் வைத்த தரவு இன்னும் ஒருவருடைய தனிப்பட்ட தரவே. அதற்கு 'மாற்றுப்பெயரிடல்' என்று தனிச்சொல் வேண்டும். பெயரை எடுத்துவிட்டாலும் ஆள் மறைந்துவிடுவதில்லை என்பதை நம் உரையாசிரியர்கள் எப்போதோ கண்டிருக்கிறார்கள். காதலைப் பாடும் அகத்திணையில் 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்', அதாவது யாரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை அவ்விதியை மீறவில்லை. 188 அடிகளில் அரசன் பெயர் ஓரிடத்தும் இல்லை. ஆனால் 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்' என்ற ஒரு தொடரில் பாண்டியர் பூ வந்துவிட்டது; ஆள் அடையாளப்பட்டுவிட்டதால் அதை அகம் என்று கொள்ள நச்சினார்க்கினியர் மறுத்தார். பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை விட்டுவைத்துப் பெயரை மட்டும் அழித்த மருத்துவப் பதிவில் இருப்பதும் அந்த வேப்பம்பூதான்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நெடுநல்வாடையை எடுத்துக்காட்டாகச் சேர்க்கப் பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். 'மாற்றுப்பெயரிடல்' அப்படியே நூலில் ஏறிவிட்டது. மற்றதில், எழுதியவர்களுள் மூவர் 'இயைந்தியங்குதன்மை' போதும் என்கிறார்கள். அவர்களுள் இருவர் இனி மடல் எழுத நேரமில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதையே வைக்கிறேன். ஐயா எழுப்பிய தடைக்கு என்னிடம் விடையில்லை. பொருள் ஒன்றுவதைச் சுட்ட வேண்டிய இடங்களில் 'பொருள்நிலை' என்று முன்னால் சேர்த்து எழுதுவேன். நடுவில் நின்று வடிவம் மாற்றும் செயலிக்கு மட்டும் 'உடம்படுமெய்' என்று அடிக்குறிப்பில் எழுதலாமா?

தமிழாசிரியர் எழுதியது:

எழுதுங்கள். ஆனால் 'இயைந்தியங்குதன்மை' பத்தெழுத்து. முன்னால் 'பொருள்நிலை' வைத்தால்தான் பொருள் தருவேன் என்கிறது. என்னுடையது எட்டெழுத்து, துணை கேட்பதில்லை. மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.