பழைய ஜாஸ் கிட்டாரைத் தொட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து:

கல்யாண பேண்டில் ரிதம் கிட்டார் வாசிக்கிறவன் நான். ஜாஸ் என்றால் டர்பன் விக்டோரியா தெருவில் அந்தக் காலத்தில் ஜாஸ் நடந்த குட்வில் லவுஞ்ச் பற்றிப் பெரியவர்கள் சொன்ன கதைகளோடு சரி. போன வருஷம் எங்கள் பேண்டு அண்ணன் தன் கிப்சன் இஎஸ்-175 ஜாஸ் கிட்டாரை என் மடியில் வைத்தார். பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை மின்சார ஒலியாக்கும் பாகம்; இது ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் வருவதற்கு முந்தைய, ஒற்றைச் சுருள் பி-90 பிக்கப் போட்ட 1950களின் மாடல். வார்னிஷ் முழுக்க மயிரிழை வெடிப்புகள்.

டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கினார். "பிக் வேண்டாம்டா, கட்டைவிரலால் தட்டு" என்றார். தட்டினேன். சுரம் 'டொம்' என்று உருண்டு வந்து சட்டென்று அடங்கிவிட்டது. என் புது கிட்டாரில் ஒரு சுரம் அடுத்ததன் மேல் வழியும். இதில் பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு பிடித்தாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்கிறது. மேலே தட்டையான நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பி என்பதால் விரல் நகரும்போது அந்தக் கீச்சொலியும் இல்லை.

இத்தனைக்கும் உடம்பு வெறும் ப்ளைவுட்! 1949இல் இந்த மாடல் வந்தபோதே மேப்பிள் ப்ளைதான். ஆம்ப் (ஒலிபெருக்கி) பக்கத்தில் சீக்கிரம் ஊளையிடாது, விலையும் குறைவு. அந்த 'டொம்'முக்கும் ப்ளைதான் காரணம் என்பது என் கட்சி.

டர்பன் பீனிக்ஸிலிருந்து:

ப்ளை மட்டும் போதுமா அண்ணே? நம் டர்பனில் செய்த கேலோடோன் சாம்பியன் கிட்டாரும் ப்ளைதான். 'பிளக்காது' என்று உள்ளே லேபிளிலேயே உத்தரவாதம் இருக்கும். பீட்டில்ஸ் ஜான் லெனனின் முதல் சொந்த கிட்டாரே அதுதான். மாமா வீட்டில் ஒன்று கிடந்தது. பிளக்கவில்லை, உண்மை. சத்தம் பிஸ்கட் டின் மாதிரி இருக்கும். நம் ஊர் ஜாஸ் கிட்டார்க்காரர் ஆலன் க்வேலா வாசித்ததைக் கேளுங்கள், பாதி சவுண்டு விரலில்தான் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவிலிருந்து:

நான் எதிர்க்கட்சி. ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து செய்த மேல்பலகைக்கு ஈடே இல்லை. கிப்சன் எல்-5 1922இலேயே அப்படித்தான் வந்தது. ஆம்ப் இல்லாமலே ஹாலின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய காலம் அது. அப்பாவின் ஜெர்மன் ஆர்ச்டாப்பும் (மேல்பலகை வளைந்த கிட்டார்) அந்த ஜாதி. ஆனால் எங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்துக் குளிர்காலம் மரத்தை உலர்த்திவிடும். மேல்பலகையில் உள்ள 'f' வடிவ எஃப் துளையின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தபின், ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைத்து கிட்டார் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். டர்பன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, உங்களுக்குக் கம்பி துருப்பிடிக்கும்.

அப்புறம், அந்த 175ஐ அண்ணன் விற்பாரா? சும்மா கேட்டு வையுங்கள்.